ஆடிக்கு முன்னால் ஈயம்

ஆடி பிறக்க ஒரு வாரம் இருக்கையில் எங்கள் தெரு அண்டாவுக்கு ஈயம் பூசியாக வேண்டும். அது பித்தளை. அம்மனுக்கு ஊற்றும் கேழ்வரகுக் கூழோ புளித்தது. புளிப்புப் பட்டால் பித்தளை களிம்பு விடும். எங்கள் வடசென்னை டோல்கேட்டில் பூசுகிறவர் கிடைக்கவில்லை. வளையங்களில் கயிறு கட்டி, குட்டியானையில் ஏற்றி, டி.எச். ரோடு வழியாகத் தங்கசாலைக்குக் கொண்டுபோனோம். நானும் அண்டாவும் பின்னால்.

வழியில் ஸ்டான்லி ஆஸ்பத்திரி. என் ஆயாவுக்கு அது கடைசிவரை கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரிதான். ஹைதர் அலி படையெடுப்பை ஒட்டி வந்த பஞ்சத்தில், 1782இல், பட்டணத்துக்கு ஓடிவந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற அங்கே சத்திரம் திறந்தார்கள். மணியக்காரர் சத்திரம். வெள்ளைக்காரர் வாயில் அது 'மானிகர் சௌல்ட்ரி' ஆயிற்று. 1799இல் ஜான் அண்டர்வுட் என்ற டாக்டர் அங்கே வைத்தியம் தொடங்கினார். கவர்னர் ஸ்டான்லியின் பெயர் ஒட்டிக்கொண்டது 1930களில்தான்.

கஞ்சி ஊற்றும் பாத்திரம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. மணிமேகலையின் அமுதசுரபி என்றால் 'அள்ள அள்ளக் குறையாதது' என்பதோடு நிறுத்திக்கொள்கிறோம். எனக்குப் பிடித்தது அதற்கு முந்தைய கதை. மதுரையில் சிந்தாதேவி கொடுத்த அந்தப் பாத்திரத்தால் ஆபுத்திரன் வந்தவர் பசியெல்லாம் தீர்த்தான். பிறகு மழை பெய்தது, நாடு செழித்தது, சாப்பிட ஆள் வரவில்லை. பசித்தவரைத் தேடிக் கப்பலேறினான். கப்பல் அவனை மணிபல்லவத் தீவில் விட்டுவிட்டுப் போய்விட்டது. தனக்கு மட்டும் அள்ளிச் சாப்பிட மனசில்லை. பாத்திரத்தைக் கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டுப் பட்டினியாலேயே செத்தான். அதுதான் பின்னால் மணிமேகலை கைக்கு வந்து, புகாரின் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கியது. (கஞ்சித்தொட்டி இருப்பது பழைய ஜெயில் ரோட்டில். தற்செயல் என்பீர்கள், சரி.)

அயர்லாந்துக் கதைகளில் தாக்தா என்ற தெய்வத்தின் கொப்பரையிலும் யாரும் வயிறு நிறையாமல் போவதில்லை. எமலோகத்து எண்ணெய்க் கொப்பரை வேறு சாதி. அதற்கு யாரும் ஈயம் பூசுவதில்லை.

தங்கசாலைச் சந்தில், பூசுகிறவர் அண்டாவைக் கரி நெருப்பின் மேல் சாய்த்து உருட்டிச் சுட்டார். நவச்சாரம் தூவினார்; வெள்ளைப்புகை தொண்டையைக் கவ்வியது. ஈயத்தை உள்ளே தேய்த்துப் பஞ்சால் ஓர் இழுப்பு இழுத்தார், மஞ்சள் வயிறு வெள்ளியாயிற்று. கழுத்தில் புள்ளிப் புள்ளியாக வெட்டிய 'உபயம்' மட்டும் பாக்கி. பெயரைப் புளியும் சாம்பலும் எப்போதோ தின்றுவிட்டன.

கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை தூக்குவாளிகளும் சொம்புகளும் வரிசை கட்டின. கூழ், வெங்காயம், முருங்கைக்கீரை, தனியாக ஒரு சட்டியில் கருவாட்டுக் குழம்பு. பதினொரு மணிக்கு அடியில் புது ஈயம் தெரிந்தது. அப்போதுதான் கண்டெய்னர் லாரியை ஓரங்கட்டிவிட்டு ஒரு டிரைவர் வந்தார், கையில் கழுத்தறுத்த தண்ணி பாட்டில்.

"தீந்துபோச்சாக்கா?"

"இருப்பா," என்று சொல்லிவிட்டுக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா எங்களைப் பார்த்தார். "நின்னுட்டிருக்கீங்க? சாய்ங்கடா அண்டாவ."