பத்து வெள்ளியும் ஒரு தோட்டமும்: துன் வீ. தி. சம்பந்தன் வாழ்வும் பணியும்



கோலாலம்பூர் போய் வந்தவர்கள் பிரிக்பீல்ட்ஸில் ‘ஜாலான் துன் சம்பந்தன்’ என்ற பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பார்கள். அங்குள்ள மோனோரெயில் நிலையத்துக்கும் அதே பெயர்தான். “யாருப்பா அவரு?” என்று பிள்ளை கேட்டால், “பழைய மந்திரி” என்று சொல்லிவிட்டு நாம் நடையைக் கட்டுகிறோம். மந்திரிகள் எத்தனையோ பேர் வந்தார்கள், போனார்கள். பால்மரம் வெட்டிப் பிழைத்தவனை அந்த மரத்துக்கே பங்காளியாக்கப் பாடுபட்டவர் இவர். அதனால்தான் இவரைப் பற்றி நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்க ஆள் இல்லாத காலம்

நம் காப்பார், கிள்ளான் வட்டாரத்துக் கதையிலிருந்தே தொடங்குவோம். 1941-ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். கூலியை உயர்த்து, கள்ளுக்கடையை மூடு, துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழி என்று கேட்டார்கள். கிடைத்த பதில் துப்பாக்கிச் சூடு. தொழிலாளர் சிலர் உயிர் விட்டனர். அவர்களுக்குத் துணை நின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். அன்றைக்குத் தொழிலாளிக்கு ஓட்டும் இல்லை, சட்டசபையில் அவன் தேர்ந்தெடுத்து அனுப்பிய ஆளும் இல்லை. வயிற்றெரிச்சலைச் சொல்ல வேலைநிறுத்தம் ஒன்றே வழியாக இருந்தது.

பிறப்பும் கல்வியும்

வீராசாமி திருஞான சம்பந்தன் பேராக் மாநிலம் சுங்கை சிப்புட்டில் 1919 ஜூன் 16-இல் பிறந்தார். தந்தை வீராசாமி தமிழகத்திலிருந்து வந்து, உழைப்பால் உயர்ந்து, ரப்பர்த் தோட்டங்களுக்குச் சொந்தக்காரர் ஆனவர். மகன் கோலகங்சார் கிளிப்போர்ட் பள்ளியில் படித்தார். பின் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். இந்திய விடுதலைப் போர் கொழுந்துவிட்டு எரிந்த காலம் அது. காந்தியடிகளின் வழியில் அவர் மனம் ஊன்றியது.

ஊர் திரும்பியவருக்கு வசதியாக வாழத் தடை ஒன்றுமில்லை. ஆனால் காலம் அமைதியாக இல்லை. 1948 ஜூன் 16-இல், அவருடைய பிறந்த நாளன்றே, சுங்கை சிப்புட் பகுதியில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் கொல்லப்பட்டனர். நாட்டில் அவசர காலச் சட்டம் வந்தது. தொழிற்சங்கங்கள் ஒடுங்கின. பயந்து கிடந்த மக்களிடையே சம்பந்தன் பொதுவாழ்வில் இறங்கினார். 1954-இல் அவர் முயற்சியால் சுங்கை சிப்புட்டில் எழுந்த மகாத்மா காந்தி கலாசாலை இன்றும் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிறது. அதைத் திறந்து வைத்தவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

நாடாளுமன்றத்துக்கு

1955-இல் மலாயாவின் முதல் பொதுத்தேர்தல் நடந்தது. 52 தொகுதிகளில் 51-ஐக் கூட்டணி வென்றது. வென்றவர்களில் சம்பந்தனும் ஒருவர். ஒன்றைக் கவனியுங்கள்: அன்றைய வாக்காளர்களில் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர்கள். நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அப்போது குடியுரிமையே இல்லை. பிற இனத்தாரின் நம்பிக்கையைப் பெற்றுத்தான் ஓர் இந்தியர் உள்ளே போக முடிந்தது. அந்த நம்பிக்கையை அவர் கடைசிவரை கெடுத்துக்கொள்ளவில்லை.

அதே ஆண்டில் ம.இ.கா. தலைவரானார், 1973 வரை அப்பொறுப்பில் இருந்தார். தொழிலாளர் துறை, சுகாதாரம், பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு, பின்னர் தேசிய ஒற்றுமை என்று பல இலாகாக்களை ஏற்றார். 1959 முதல் சுங்கை சிப்புட் தொகுதியின் உறுப்பினராக நாடாளுமன்றத்தில் அமர்ந்தார்.

1957 மார்ச்சில் மேற்கு ஆப்பிரிக்காவில் கானா விடுதலை பெற்றது. அதே ஆண்டு ஆகஸ்ட் 31-இல் மலாயா விடுதலை பெற்றது. அங்கே கொக்கோ, இங்கே ரப்பர். புதிய நாடுகளின் சபைகளில் போய் உட்கார்ந்தவர்கள் எல்லார் முன்னும் ஒரே கேள்வி நின்றது: கொடி மாறிவிட்டது, மண்ணில் பாடுபடுகிறவன் நிலை மாறுமா?

தோட்டத் துண்டாடல்

இங்கே நிலை மாறியது. ஆனால் கெடுதலாக மாறியது. நாடு விடுதலை பெறும் நேரத்தில் வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட்டார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டிச் சிறு சிறு நிலமாக விற்றார்கள். 1951 முதல் 1960 வரை நடந்த இந்தத் துண்டாடலைப் பேராசிரியர் உங்கு அஜிஸ் ஆராய்ந்து பெரிய அறிக்கையே எழுதியிருக்கிறார்.

ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் வாங்கியவருக்குக் கங்காணி எதற்கு, லயம் எதற்கு, ஆயாக்கொட்டகை எதற்கு? வேலை போயிற்று. வேலையோடு வீடு போயிற்று, தண்ணீர்க் குழாய் போயிற்று, மருந்தகம் போயிற்று, பிள்ளை படித்த பள்ளிக்கூடமும் போயிற்று. தோட்டத்தில் குடியிருப்பவனுக்கு இவை எல்லாம் ஒரே கயிற்றில் கட்டியவை. கயிறு அறுந்தால் எல்லாம் விழும். எங்கே போவதென்று தெரியாமல் சட்டி பானையோடு சாலையில் நின்ற குடும்பங்கள் உண்டு.

பத்து வெள்ளித் திட்டம்

நாடாளுமன்றத்தில் பேசினால் மட்டும் விற்பனை நிற்குமா? விற்கிறவனுக்குச் சட்டம் இடம் கொடுத்திருந்தது. ஆகவே சம்பந்தன் வேறு வழி கண்டார். விற்கிற தோட்டத்தை நாமே வாங்குவோம் என்றார். 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது.

தொழிலாளி பத்துப் பத்து வெள்ளியாகக் கட்டிப் பங்கு சேர்க்க வேண்டும். நாள் முழுதும் மரம் வெட்டினால் சில வெள்ளிகளே கிடைத்த காலத்தில் பத்து வெள்ளி பெரிய காசு. “கூலிக்காரன் தோட்டம் வாங்குறதா? நடக்கிற காரியமா?” என்று சிரித்தவர்களும், “காசை வாங்கிட்டு ஓடிட்டா?” என்று பயந்தவர்களும் இருந்திருப்பார்கள். அமைச்சராக இருந்தவர் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, மக்களிடம் நேரில் பேசி உறுப்பினர் சேர்த்தார். சிறு துளி பெரு வெள்ளமாயிற்று. 1961-இல் கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டம் சங்கத்தின் சொத்தானது. அதன்பின் ஒவ்வொன்றாகப் பத்துக்கும் மேற்பட்ட தோட்டங்கள் வந்து சேர்ந்தன.

இதில் ஒரு நுட்பம் உண்டு. வாங்கிய நிலத்தைப் பங்குதாரர்களுக்குப் பிரித்துக் கொடுக்கவில்லை. பிரித்தால் அதுவும் ஒரு துண்டாடல்தானே! தோட்டம் முழுசாகவே இருந்தது. லயம் இருந்தது, வேலை இருந்தது. லாபம் பங்கு ஈவாக உறுப்பினரின் கைக்கு வந்தது.

குறையும் நிறையும்

குறை சொன்னவர்களும் உண்டு. அவர் மென்மையானவர், அரசாங்கத்தில் மேசையைத் தட்டிக் கேட்காமல் விட்டுக்கொடுத்தார் என்று சொந்தக் கட்சியிலேயே பேசினார்கள். சங்கத்தால் எல்லாத் தோட்டங்களையும் காப்பாற்ற முடியவில்லை என்பதும் உண்மை. குடியுரிமைப் பத்திரம் எடுக்காமல் விட்டவர்கள் சிவப்பு அடையாளக் கார்டோடு பட்ட பாடும் நமக்குத் தெரியும். நம் காப்பார், மேரு பக்கமே பாருங்கள்: பால்மரம் நின்ற இடத்தில் இன்று தொழிற்சாலையும் வீடமைப்பும் நிற்கின்றன.

ஆனாலும் மேசையைத் தட்டியவர்களின் சத்தம் காற்றோடு போய்விட்டது. பத்து வெள்ளியில் வாங்கிய நிலம் மண்ணோடு இருக்கிறது. செல்வக் குடும்பத்தில் பிறந்த அவர் தம் சொத்தில் பெரும்பகுதியைப் பொதுவாழ்விலேயே கரைத்தார்.

1973-இல் கட்சித் தலைமையை அவரிடமிருந்து ஏற்றவர் நம் கிள்ளான் தொகுதியிலிருந்து நாடாளுமன்றம் சென்ற வெ. மாணிக்கவாசகம். தொழிலாளர் அமைச்சராகப் பல ஆண்டுகள் இருந்தவர் அவர். 1979 மே 18-இல் சம்பந்தன் காலமானார். அதே ஆண்டு அக்டோபரில் மாணிக்கவாசகமும் மறைந்தார். ஒரே ஆண்டில் சமுதாயம் இரண்டு தூண்களை இழந்தது.

பெற்றோர்களே! ஐந்தாண்டுக்கு ஒரு முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், “சாலைக்குத் தார் போடுவீங்களா?” என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். “எங்க பேரில், எங்க பிள்ளைங்க பேரில் நிலைச்சு நிற்கிற மாதிரி என்ன செய்யப் போறீங்க?” என்றும் கேளுங்கள். கேட்பதோடு நம் பத்து வெள்ளியையும் எடுத்து வைக்க வேண்டும். தலைவர் மட்டும் இருந்து தோட்டம் வாங்கவில்லை. காசு கட்டிய தொழிலாளியும் இருந்தான்.

மாணவச் செல்வங்களே! இன்று பரிசு வாங்குகிறவர்களும், அடுத்த ஆண்டு வாங்கப் போகிறவர்களும் வீட்டுக்குப் போய்த் தாத்தா பாட்டியிடம் ஒன்று கேளுங்கள்: “நீங்க பத்து வெள்ளி கட்டினீங்களா?” பெட்டியின் அடியில் பழைய பங்குச் சீட்டு ஒன்று இருந்தாலும் இருக்கும். அதைப் பத்திரமாக வையுங்கள். அதுவும் இந்த நாட்டில் நம் சரித்திரத்தில் ஒரு பக்கம்தான்.