பயிர்க் காப்பீடு வந்த வரலாறு

திண்டுக்கல் நகரிலிருந்து வடக்கே வேடசந்தூர்ச் சாலையில் செல்வோர் ஒரு பெரிய மானாவாரி வெளியைக் காண்பார்கள். மேற்கே பழனி மலைத்தொடர். தெற்கே தொலைவில் சிறுமலை. தென்மேற்குப் பருவக்காற்று கொணரும் மழையில் பெரும்பங்கை மேற்கு மலைகளே தடுத்துக்கொள்கின்றன. ஆகவே இவ்வெளியின் சோளமும் நிலக்கடலையும் பெரிதும் வடகிழக்குப் பருவத்தை நம்பி நிற்பவை. அம்மழையும் சீராகப் பெய்வதில்லை. மாட்டின் ஒரு கொம்பு நனையும், மறு கொம்பு காயும் என்று எங்கள் ஊர்ப்புறத்தில் சொல்வதுண்டு.

சில ஆண்டுகளுக்கு முன் என் பெரியப்பா ஒரு காகிதத்தை நீட்டி என்னைக் கேட்டார்: “ஏப்பா, பணம் கட்டினது நிசம், பயிர் காஞ்சதும் நிசம். பக்கத்துக் கிராமத்துக்குப் பணம் வந்திருக்கு, எனக்கு ஒரு காசு வரலே. இது என்ன நியாயம்?”

படித்தவன் என்ற பெயர் எனக்கு உண்டு. ஆனால் விடை தெரியவில்லை. தேடத் தொடங்கியபோது, அவ்விடை ஒரு நூற்றாண்டு வரலாற்றுக்குள் இருப்பதைக் கண்டேன். மாணவ நண்பர்களே, அவ்வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காப்பீடு என்பது பலர் சிறிது சிறிதாகச் சேர்த்த பொருளைக் கொண்டு, துன்புற்ற சிலரைத் தாங்கும் ஏற்பாடு. ஆயுள் காப்பீட்டில் இழப்பை மெய்ப்பிப்பது எளிது. மரணத்துக்குச் சான்றிதழ் உண்டு. பயிரின் சாவுக்கு யார் சான்று தருவார்? வானம் பொய்த்ததா, உழவன் களை எடுக்காமல் விட்டானா என்று எவ்வாறு பிரித்தறிவது? பயிர்க் காப்பீட்டின் வரலாறு முழுவதும் இந்த ஒரு வினாவுக்கு விடை தேடிய வரலாறுதான்.

1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய பெரும்பஞ்சம் சென்னை மாகாணத்தையும் மைசூரையும் உலுக்கியது. அதற்கு ஒரு தலைமுறைக்குப் பின், மைசூர் அரசின் அலுவலராயிருந்த ஜே. எஸ். சக்ரவர்த்தி என்பவர் 1915ஆம் ஆண்டளவில் ஒரு புதிய யோசனையை முன்வைத்தார். ஒவ்வொரு வயலாகச் சென்று நட்டத்தை மதிப்பிட வேண்டாம்; ஒரு பகுதிக்குரிய மழையை அளந்து, அது குறைந்தால் அப்பகுதியார் அனைவருக்கும் ஈடு கொடுக்கலாம் என்பது அவர் கருத்து. 1920இல் இதை அவர் நூலாகவும் வெளியிட்டார். ஆயினும் திட்டம் ஏட்டளவிலேயே நின்றது.

விடுதலைக்குப் பின் 1947-48இல் மத்திய அரசு இதுபற்றி ஆராயச் செய்தது. தனித்தனி வயலை அளப்பதா, ஒரே தன்மையுள்ள பகுதியை அளப்பதா என்ற இரு வழிகள் ஆராயப்பட்டன. பகுதி முறையே ஏற்றது என்று ஆய்வு கூறிற்று. மாநிலங்கள் அதனை ஏற்க முன்வரவில்லை.

ஆனால் 1972-73இல் குஜராத்தில் எச்-4 பருத்திக்கு முதன்முதலாகக் காப்பீடு வந்தபோது, தனி வயல் முறையே கைக்கொள்ளப்பட்டது. பின்னர் அது வேறு சில பயிர்களுக்கும், தமிழ்நாடு உள்ளிட்ட சில மாநிலங்களுக்கும் விரிந்தது. 1978-79 வரை சேர்ந்த உழவர்கள் 3,110 பேர். வசூலான பிரிமியம் 4.54 இலட்சம் ரூபாய். கொடுத்த இழப்பீடோ 37.88 இலட்சம் ரூபாய்! ஒரு ரூபாய் வாங்கி எட்டு ரூபாய்க்கு மேல் கொடுத்தால் எந்த நிதி நிலைக்கும்? விளைச்சல் ஐயத்துக்குரிய நிலத்தார் முந்திக்கொண்டு சேர்வர். நல்ல நிலத்தார் ஒதுங்குவர். வயல்தோறும் ஆளனுப்பி மதிப்பிடும் செலவும் பெருகும். தனி வயல் முறையின் இடர்ப்பாடு இதுவே.

அக்காலத்தில் பொருளியல் அறிஞர் வி. எம். தாண்டேகர் பகுதி முறையை மீண்டும் வலியுறுத்தினார். அவர் வகுத்த நெறியில் 1979இல் முன்னோட்டத் திட்டம் தொடங்கிற்று. 1984-85 வரை 6.27 இலட்சம் உழவர்கள் அதில் சேர்ந்தனர், பிரிமியம் 196.95 இலட்சம் ரூபாய், இழப்பீடு 157.05 இலட்சம் ரூபாய். கணக்கு நிமிர்ந்தது. 1985இல் விரிவான திட்டமும், 1999-2000இல் தேசிய வேளாண் காப்பீட்டுத் திட்டமும், 2016இல் பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டமும் இவ்வடித்தளத்தின்மேல் எழுந்தவையே. 2016ஆம் ஆண்டுத் திட்டம் உழவர் செலுத்த வேண்டியதை, காப்பீட்டுத் தொகையில் காரிப் பருவ உணவுப் பயிர், எண்ணெய் வித்துகளுக்கு 2 விழுக்காடு, ராபிப் பருவத்தில் 1.5 விழுக்காடு, பணப் பயிர், தோட்டப் பயிர்களுக்கு 5 விழுக்காடு என்ற உச்ச அளவில் நிறுத்தியது. எஞ்சியதை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன.

இனிப் பெரியப்பாவின் வினாவுக்கு வருவோம். ஒரு பகுதியில் கடந்த 7 ஆண்டுகளுள் சிறந்த 5 ஆண்டுகளின் சராசரி விளைச்சலைக் கொண்டு ஒரு வரம்பு குறிக்கப்படுகிறது. அறுவடைக் காலத்தில் சில வயல்களைக் குலுக்கல் முறைபோல் தெரிந்தெடுத்து, அளவிட்ட துண்டு நிலத்தில் கதிரறுத்து நிறுக்கிறார்கள். இதுவே பயிர் அறுவடைப் பரிசோதனை. வரம்பு ஏக்கருக்கு 1,000 கிலோ, கண்ட சராசரி 600 கிலோ என்று கொள்வோம். குறைவு 40 விழுக்காடு. 20,000 ரூபாய்க்குக் காப்பீடு செய்தவர் 8,000 ரூபாய் பெறுவார். சராசரி 1,000 கிலோவைத் தாண்டிவிட்டாலோ, தம் வயலில் ஒரு மணியும் காணாதவருக்கும் ஒன்றுமில்லை. வரப்புக்கு அப்பால் வேறு பகுதி தொடங்கினால், அங்கே கணக்கு வேறு.

ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு போன்று ஓரிடத்தை மட்டும் தாக்கும் கேட்டுக்கும், அறுத்து வயலில் காயவிட்ட கதிர் 14 நாட்களுக்குள் புயலிலோ பருவம் தப்பிய மழையிலோ அழிவதற்கும் தனி வயலைப் பார்வையிடும் விதி உண்டு. அதற்கு 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். வறட்சிக்கு அவ்விதி இல்லை.

பகுதி முறை நிதியைக் காத்தது. பல இலட்சம் பேரைச் சேர்த்தது. ஆயினும் ஒற்றைக் கொம்பு நனையும் எங்கள் சமவெளியில் அது சிலருக்குக் கண்ணீரையும் தருகிறது என்பதை மறைக்கலாகாது. அளக்கும் பகுதி சிறுகச் சிறுக, அநீதியும் சிறுகும். வட்டாரம், குறுவட்டம், கிராமம் என்று காலப்போக்கில் அலகு குறுகி வந்ததன் பொருள் இதுவே.

இவற்றையெல்லாம் பெரியப்பாவுக்கு விளக்கினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்போ என் வயலை யாரும் பார்க்கலே, ஊரைத்தான் பார்த்திருக்காங்க. அந்த அறுப்பு அன்னிக்கு நானும் போய் நின்னிருக்கணும்” என்றார். மறு ஆண்டு அறுவடைப் பரிசோதனை நடந்த வயலின் வரப்பில், ஊரார் நால்வரோடு அவரும் நின்றார்.

மாணவர்களே, உங்கள் வீடுகளிலும் இத்தகைய காகிதம் இருக்கக்கூடும். உங்கள் ஊரில் எப்பயிர் அறிவிக்கப்பட்டுள்ளது, கடைசி நாள் எது, அடங்கலில் புல எண்ணும் பயிரின் பெயரும் சரியாக உள்ளனவா என்று பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். அக்காகிதத்தின் பொருளை நட்டம் வந்த பின்னர் அறிவதைவிட, விதைக்கும்போதே அறிந்துகொள்வது நன்று.