காற்று வாங்குகிறவர்களும் வலை உலர்த்துகிறவர்களும்

போன கோடை விடுமுறைக்கு எங்கே போவது என்று வீட்டில் பேச்சு வந்தபோது குழந்தைகள் ஒரே குரலில் 'பீச்' என்றார்கள். மெரினாவில் ஒரு நாள், அப்படியே கோவளம், மாமல்லபுரம் என்று தாளில் திட்டம் போட்டேன். எத்தனை மணிக்குக் கிளம்புவது, எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது எல்லாம் அதில் இருந்தது. அந்தக் கரையில் வாழ்கிறவர்கள் மட்டும் இல்லை. இது என் மறதி மட்டும்தானா? 'பீச்' என்கிற கருத்தாக்கமே அவர்களை விட்டுவிட்டுத்தான் கட்டப்பட்டது என்று இப்போது தோன்றுகிறது.

கடற்கரை இன்பம் இயற்கையானது என்று நினைக்கிறோம். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை ஐரோப்பிய மேட்டுக்குடிக்குக் கடல் அச்சமும் அருவருப்பும் தருவதாகவே இருந்தது என்பதை பிரெஞ்சு வரலாற்றாசிரியர் அலென் கொர்பென் 1988-இல் வெளியான நூலில் விரிவாகக் காட்டினார். 1750-இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற ஆங்கில மருத்துவர் கடல்நீரை மருந்தாக்கி ஒரு நூல் எழுதினார். நோயாளிகள் பிரைட்டனுக்குப் போனார்கள்; பின்னால் கனவான்கள் போனார்கள்; 1841-இல் லண்டனிலிருந்து ரயில் வந்ததும் உழைப்பாளிகளும் போனார்கள். மீன்பிடிக் கிராமமாக இருந்த ஊர் 'காட்சி'யாக மாறியது.

இந்தப் பார்வைதான் கப்பலேறி இங்கேயும் வந்தது. 1881 முதல் 1886 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப், 1884-இல் கடலோரமாக உலாவும் பாதை அமைத்து, தான் பார்த்த இத்தாலிய கடற்கரையின் நினைவில் 'மெரினா' என்று பெயர் வைத்தார். நொச்சிக்குப்பமும் நடுக்குப்பமும் இருக்கிற கரைக்குப் பெயர் மட்டும் இத்தாலியிலிருந்து. அந்த மணல்வெளியும் முழுக்க இயற்கை தந்ததல்ல. 1870-களில் துறைமுகச் சுவர்கள் எழும்பத் தொடங்கின. வடக்கு நோக்கி நகர்கிற மணல் அவற்றில் முட்டித் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் இராயபுரம் தொடங்கிக் கடல் அரித்துத் தின்றது. ஒரு பக்கத்தில் நாம் காலாற நடக்கிற மணல், இன்னொரு பக்கத்துக் குப்பங்களின் காலடியிலிருந்து போன மணல்.

நமது திணைமரபில் நெய்தல் ஆளில்லாத வெளி அல்ல. பரதவர், உப்பு, உணங்கும் மீன் எல்லாம் அதன் கருப்பொருள்கள். நற்றிணை 45-ஆம் பாடலில், பழைய ஊரிலிருந்து தேரில் வருகிற செல்வன் மகனைத் தோழி தடுக்கிறாள்: நாங்கள் மீன் உலர்த்துகிறவர்கள், எங்கள்மேல் புலால் நாறும், நீ விலகிப் போ என்கிறாள். அங்கே விலகச் சொல்கிறவள் கரையில் இருப்பவள். இன்று தேரில் வருகிறவர்தான் விலகச் சொல்கிறார்.

1985-இல் மெரினாவை 'அழகுபடுத்த' கட்டுமரங்களையும் வலைகளையும் அகற்ற எம்.ஜி.ஆர். அரசு முனைந்தது. மீனவர்கள் எதிர்த்தார்கள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் மீனவர்கள் செத்தார்கள். 'படகோட்டி' (1964), 'மீனவ நண்பன்' (1977) என்று திரையில் துடுப்புப் பிடித்தவரின் ஆட்சி அது. கட்டுமரம் திரையில் அழகு, மணலில் அசிங்கம்! 2023 ஏப்ரலில் நொச்சிக்குப்பம் லூப் சாலையில் மீன்கடைகள் அகற்றப்பட்டன; காரணம், போக்குவரத்து இடைஞ்சல். மீனவர்கள் சாலையை மறித்தார்கள். 2024-இல் அவர்களுக்கென்று மீன் அங்காடி ஒன்று திறக்கப்பட்டது. ஆனால் குப்பத்தின் வாசலைச் சாலையாக்கியபோது யார் யாருக்கு இடைஞ்சல் என்று கேட்கப்பட்டதா?

கோவளத்தில் 1974-இல் திறந்த தாஜ் விடுதியின் பெயரே 'ஃபிஷர்மேன்ஸ் கோவ்'. மீனவர் பெயரில் இருக்கிறார். அறை வாடகை கொடுத்துத் தங்குகிறவர் வேறு ஆள்.

அப்படியானால் ஓய்வே குற்றமா, பயணமே கூடாதா? அப்படிச் சொன்னால் அது மேட்டுக்குடித் துறவு. ஓய்வு யாரும் கொடுத்த பிச்சையல்ல. 1936-இல் பிரான்சின் தொழிலாளர்கள் ஆலைகளை ஆக்கிரமித்து வேலைநிறுத்தம் செய்த பிறகுதான் ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்தோடு விடுமுறை சட்டமானது. அந்தக் கோடையில்தான் அவர்களில் பலர் முதன்முதலாகக் கடலைப் பார்த்தார்கள்.

அதற்கும் 13 ஆண்டுகள் முன்னால், 1923 மே 1 அன்று, இந்தியாவின் முதல் மே தினக் கூட்டங்கள் நம் சென்னைக் கடற்கரையில்தான் நடந்தன: ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே, மற்றொன்று திருவல்லிக்கேணியில். மே தினத்தை விடுமுறையாக்கு என்ற கோரிக்கை அங்கே எழுந்தது. எட்டு மணி நேர வேலை என்ற உலகக் குரலின் சென்னை எதிரொலி அது. கூட்டியவர் சிங்காரவேலர், மீனவ சமூகத்தில் பிறந்தவர். நாம் ஓய்வெடுக்கப் போகிற மணலில், ஓய்வுக்கான உரிமையை முதலில் கேட்டவர் அந்தக் கரையின் பிள்ளை. இதை எந்தச் சுற்றுலாக் கையேடும் சொல்வதில்லை.

லூப் சாலையில் மீன் வாங்கப்போன ஒரு நாள், படகு நிழலில் சிலர் படுத்திருந்தார்கள். கூட வந்த நண்பர், 'பட்டப்பகல்ல தூக்கத்தப் பாருங்க' என்றார். பக்கத்தில் மீன் அரிந்துகொண்டிருந்த ஆயா நிமிர்ந்து பார்த்தார். 'ராத்திரி ரெண்டு மணிக்குக் கடலுக்குப் போனதுங்க சார். நீங்க இங்க காத்து வாங்க வரீங்க, நாங்க வேணாம்னு சொன்னோமா?' நண்பர் பதில் பேசவில்லை. நானும்தான். நாம் மணலில் படுத்தால் ஓய்வு, அவர்கள் படுத்தால் சோம்பல். இந்த இரட்டை அளவுகோல்தான் புல்டோசருக்கு முன்னால் போகிறது.

விடுமுறைத் திட்டத்தை நான் கிழித்துப் போடவில்லை. போனோம், குழந்தைகள் அலையில் ஆடினார்கள். முதலில் நொச்சிக்குப்பத்தில் இறங்கி, 1923-ஐயும் 1985-ஐயும் எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். சின்னவள் கேட்டாள்: 'அவங்களுக்கு எப்பப்பா லீவு?' 'கடல் பொங்குனா' என்று சொல்லிவிட்டு, அது லீவு இல்லை, பட்டினி என்று திருத்திக்கொண்டேன்.