தாருக்குள் இருக்கும் காகிதம்

பில்கோ என்ற பெயரை விரித்தால் பிலடெல்பியா ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனி. ரேடியோ கம்பெனிக்கு இப்படி ஒரு பெயர் ஏன்? 1920-களில் அமெரிக்க வீடுகளில் ரேடியோ பேட்டரியில்தான் பாடியது. வால்வின் இழையைச் சூடாக்க 6 வோல்ட் ஆசிட் பேட்டரி, பிளேட்டுக்கு 90 வோல்ட், அதற்கு மேலும் தர உலர் பேட்டரிகளின் வரிசை. 1927-ல் ஆர்.சி.ஏ.வின் ரேடியோலா 17 நேராகச் சுவர் பிளக்கிலேயே ஓடியது. பேட்டரிக்காரர்களுக்குப் பிழைப்பு போச்சு. பில்கோ சும்மா இருக்கவில்லை. மறு வருஷமே ரேடியோ செய்ய இறங்கியது. 1930-ல் அது விட்ட, தேவாலய ஜன்னல் போல மேலே வளைந்த ‘பேபி கிராண்ட்’ செட்டின் விலை 49.50 டாலர்.

பேட்டரியைத் துரத்தியதில் பாதிப் பெருமை கெப்பாசிட்டருக்குப் போகவேண்டும். வீட்டுக்கு வரும் மின்சாரத்தை வால்வு ஒருதிசைப்படுத்தினாலும் அது நொடிக்கு 120 முறை துடிக்கும். அப்படியே விட்டால் பாட்டுக்குப் பின்னால் ‘ஊம்’ என்று ஒரு உறுமல். மோட்டார் விட்டுவிட்டு ஓடினாலும் மொட்டைமாடித் தொட்டி இருந்தால் குழாயில் தண்ணீர் சீராக வருகிறதில்லையா, கெப்பாசிட்டர் செய்வதும் அதைத்தான்.

ஆனால் பேட்டரி தீரும் என்பது வாங்கியவனுக்குத் தெரியும். கெப்பாசிட்டர் தீரும் என்று யாரும் அவனிடம் சொல்லவில்லை. பெரிய எலக்ட்ரோலிட்டிக் வகையில் அலுமினியத்தின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம்தான் காப்பு. பல வருஷம் கரண்ட் படாமல் கிடந்தால் அது நலியும். சின்ன வகையில் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே மெழுகேற்றிய காகிதம். காகிதம் ஈரத்தை உறிஞ்சும், அமிலம் ஊறும், கொஞ்சங்கொஞ்சமாகக் கசியும்.

பரணிலிருந்து இறக்கியதும் ‘பாடுதா பார்ப்போம்’ என்று பிளக்கில் செருகுவதுதான் பெரிய ஆபத்து. வடிகட்டும் கெப்பாசிட்டர் ஷார்ட் ஆனால் ரெக்டிஃபையர் வால்வு போகும், அதோடு பவர் டிரான்ஸ்பார்மரும் கருகும். வெளியீட்டு வால்வின் கிரிட்டுக்கு முன்னால் இருக்கும் காகிதக் கெப்பாசிட்டர் கசிந்தாலோ இன்னும் மோசம். செட் பாடும். பாடிக்கொண்டே வால்வு அளவுக்கு மீறிக் கரண்ட் இழுத்து ஸ்பீக்கர் டிரான்ஸ்பார்மரைத் தீய்க்கும். கெப்பாசிட்டர் கடையில் கிடைக்கும். அந்த டிரான்ஸ்பார்மருக்கு எங்கே போவது? அதனால் காகிதத்தையும் எலக்ட்ரோலிட்டிக்கையும் சோதிக்காமலே மாற்றிவிடுகிறார்கள். மைக்காவை பெரும்பாலும் தொடுவதில்லை.

1930-களின் பில்கோ செட்டுகளில் இந்த வேலை தனி ரகம். காகிதக் கெப்பாசிட்டரைச் சின்ன பேக்கலைட் பெட்டிக்குள் வைத்துத் தார் ஊற்றி மூடியிருப்பார்கள். பெட்டியின் மேல் கம்பி பற்றவைக்கும் முனைகள். பக்கத்து உறுப்புகளும் அதிலேயே தொங்கும். பெட்டியைக் கழற்றிச் சூடாக்கித் தாரைத் தள்ளிவிட்டு, உள்ளே புது பிலிம் கெப்பாசிட்டரை வைத்து மறுபடி அதே இடத்தில் திருகுகிறார்கள். வெளி முகம் மாறாமல் குடலை மாற்றுவது மென்பொருள்காரனான எனக்கு அன்றாடப் பிழைப்பு.

இது ஏமாற்று இல்லையா என்று கேட்பவர்கள் உண்டு. மஞ்சள் பிளாஸ்டிக் உறுப்பை வெளியே தெரியவே மாட்டலாம், அதுதான் நேர்மை என்பது அவர்கள் கட்சி. நான் பெட்டிக் கட்சி. அந்த முனைகளை எடுத்துவிட்டால் அன்றைய தொழிலாளி கம்பியை எந்த வரிசையில் ஓட்டினாள் என்பதே அழிந்துவிடும். என்ன மாற்றினோம் என்று ஒரு சீட்டு எழுதி, செட்டுக்குள் ஒட்டிவைத்தால் போதும்.

புது கெப்பாசிட்டர் பழையதைவிட ரொம்பச் சின்னது. அதைப் போட்ட பிறகும் பெட்டியில் பாதி இடம் காலி.