இரு சூரியோதயங்கள்

2018ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையிலுள்ள பெர்த் நகரிலிருந்து புறப்பட்ட குவாண்டாஸ் விமானம் ஒன்று, இடையில் எங்கும் இறங்காமல், ஏறக்குறைய 17 மணி நேரத்தில் லண்டனை அடைந்தது. தூரம் சுமார் 14,500 கிலோமீட்டர். அதே நிறுவனத்தின் விமானங்கள் அதே நகரிலிருந்து, இதில் ஐந்தில் இரண்டு பங்கு தூரத்தைக் கடப்பதற்கு, ஒரு பகலும் ஓர் இரவும் போதாமல் மேலும் சில மணி நேரம் எடுத்துக்கொண்ட காலம் ஒன்று உண்டு.

1938 முதல் சிட்னிக்கும் இங்கிலாந்துக்கும் இடையே, நீரில் இறங்கும் 'பறக்கும் படகுகள்' சிங்கப்பூர் வழியாகச் சென்றுவந்தன. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. பாதை அறுந்தது. எஞ்சியது இந்துமாக்கடல் ஒன்றே. பெர்த்தின் சுவான் ஆற்றிலிருந்து, இலங்கையின் தென்கரையில் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரிவரை சுமார் 5,650 கிலோமீட்டர். 1943ஆம் ஆண்டின் நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கேட்டலினா விமானங்களைக் கொண்டு இவ்வழியைத் திறந்தது.

கேட்டலினாவின் வேகமோ மணிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான். இன்னும் விரைவான விமானம் கிடைக்கவில்லையா என்று மாணவர்கள் கேட்கக்கூடும். விரைவு அன்று பயன்படவில்லை. இறங்காமல் நெடுநேரம் வானில் நிற்கும் ஆற்றலே வேண்டியிருந்தது. அதற்காக விமானத்துள் கூடுதல் பெட்ரோல் தொட்டிகளை வைத்தார்கள். தேவையற்ற கருவிகளைக் கழற்றி எறிந்தார்கள். பயணிகள் மூவருக்கும் சுமார் 70 கிலோ அஞ்சலுக்கும் மட்டுமே இடமிருந்தது. அவ்வளவு செய்தும், விமானம் தனக்கு வகுக்கப்பட்ட எடையை மீறியே எழும்பியது. பெட்ரோல் எரிந்து சுமை குறையும்வரை, இரு எஞ்சின்களில் ஒன்று நின்றால் மற்றொன்றால் அதைத் தாங்க இயலாது. பயணத்தின் முதற்பகுதி முழுவதும் விமானிகள் அந்த எண்ணத்தோடுதான் அமர்ந்திருந்தார்கள்.

பகைவர் விமானங்கள் உலவிய பகுதியை இருளில் கடந்தாக வேண்டும். வானொலியில் பேசுதல் கூடாது. (வானொலியின் வாயிலாகவே இதைச் சொல்ல நேர்வது விந்தைதான்!) வழியறிய விண்மீன்களே துணை. விமானங்களுக்கும் அகத்தியம், சித்திரை, கேட்டை என நாம் அறிந்த மீன்களின் வரிசையிலே பெயரிட்டார்களோ என்று எண்ணத் தோன்றும்: ஆல்டேர், வேகா, ரைஜெல், அன்டாரிஸ், ஸ்பைகா என்பன அப்பெயர்கள். இவற்றுள் அன்டாரிஸ் நம் கேட்டை. ஸ்பைகா நம் சித்திரை.

தூரம் மாறவில்லை, நேரமோ காற்றின் போக்கிற்கேற்ப நீண்டும் குறுகியும் நின்றது. பெரும்பாலும் 28 மணி அளவில் முடிந்த பயணம், ஒருமுறை 32 மணி 9 நிமிடம் நீடித்தது. ஒரே பயணத்தில் கதிரவன் இருமுறை எழக் கண்ட பயணிகளுக்கு, 'இரட்டைச் சூரியோதய இரகசியச் சங்கம்' என்ற பெயரில் சான்றிதழ் ஒன்று வழங்கப்பட்டது.

1945 ஜூலைவரை 271 முறை இக்கடலைக் கடந்தார்கள். ஒரு விமானமும் காணாமற்போகவில்லை. கடன் குத்தகை ஒப்பந்தத்தின்படி அமெரிக்காவிடமிருந்து பெற்றவையாதலால், போர் முடிந்தபின் அவற்றை வைத்துக்கொள்ள வழியில்லை. பகைவரிடமும் புயலிடமும் தப்பிய அந்த ஐந்தையும் ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலிலே மூழ்கடித்துவிட்டார்கள்.