முழங்கால் மாற்று அறுவைக்குப் பின் நடமாட்டம்: கிள்ளான் பள்ளத்தாக்குத் தமிழர் வாழ்க்கையை முன்வைத்து

முழங்கால் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை என்பது, தேய்ந்துபோன மூட்டின் எலும்பு முனைகளை ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குச் சீவியெடுத்து, தொடை எலும்பின் நுனியில் உலோகக் கவசத்தையும் கீழ்க்கால் எலும்பின் தலையில் உலோகத் தட்டையும் பதித்து, நடுவே குருத்தெலும்பின் இடத்தில் பாலித்தீன் துண்டைப் பொருத்துவதாகும். மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ் வீடுகளில் இதை ‘முட்டி ஆபரேஷன்’ என்பார்கள். அறுவைக் கூடத்தில் இந்த வேலை பெரும்பாலும் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். நோயாளி பழையபடி நடமாட மாதக்கணக்காகும். முன்னேற்றம் ஓராண்டு வரை தொடரும். அந்த ஓராண்டு எப்படிப் போகும் என்பதை நிர்ணயிப்பவற்றுள் நோயாளியின் கையில் இருப்பவற்றில் முதன்மையானது: தொடையின் முன்தசைக்கு அறுவைக்கு முன்னும் பின்னும் தரும் பயிற்சி. அந்தப் பயிற்சிக்குப் பெருந்தடையாக நிற்பது பல நேரங்களில் சோம்பலோ வலியோ அல்ல, ‘பாவம், படுத்திருக்கட்டும்’ என்று வீட்டார் காட்டும் அக்கறை.

முழங்காலுக்கு மாற்று மூட்டு தேடிய முயற்சி பழையது. 1890இல் பெர்லினில் தெமிஸ்டொக்ளிஸ் குளுக் என்ற அறுவை மருத்துவர், காசநோயால் அழிந்த முழங்கால்களில் தந்தத்தாலான கீல் மூட்டுகளைப் பொருத்திப் பார்த்தார். கிருமித்தொற்றால் அவை நிலைக்கவில்லை. இன்றைய வடிவத்துக்கு அடித்தளமான மூட்டு 1970களின் முற்பாதியில் நியூயார்க்கில் உருவானது. ஜான் இன்சாலும் இந்தியாவில் பிறந்த சித்தரஞ்சன் ரணாவத்தும் அதை வடிவமைத்த குழுவில் முக்கியமானவர்கள். அதே ரணாவத்தான் 2000 அக்டோபரில் மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் இந்தியப் பிரதமர் அடல் பிகாரி வாஜ்பாயின் இடது முழங்காலுக்கும், 2001 ஜூனில் வலது முழங்காலுக்கும் அறுவை செய்தார். இரண்டாவது அறுவை முடிந்து ஆறு வாரங்கள்கூட ஆகாத நிலையில், 76 வயது வாஜ்பாய் ஜூலை நடுவில் ஆக்ரா உச்சி மாநாட்டில் பர்வேஸ் முஷாரப்புடன் பேச்சு நடத்தினார். பிரதமருக்குக் கிடைத்த கவனிப்பு எல்லோருக்கும் கிடைக்காது என்பது உண்மை. எழுபதைத் தாண்டிய உடலும் ஆறு வாரத்துக்குள் எழுந்து வேலைக்குத் திரும்ப முடியும் என்பதும் உண்மை. எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இந்தச் சிகிச்சையைப் பற்றி முதன்முதலில் கேள்விப்பட்டது அந்தச் செய்தியின் வழியாக இருக்கலாம்.

கிள்ளான் பள்ளத்தாக்கிலுள்ள சுங்கை பூலோவுக்கு முழங்கால் தேய்மானம் பற்றிய பேச்சு அந்நியமானதல்ல. ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் பரந்த சோதனைத் தோட்டம் இங்கேதான் இருந்தது. மரத்தின் தாழ்ந்த பட்டையில் பால் வெட்டக் குனிந்தும், களை பிடுங்கக் குந்தியும் உழைத்த தோட்டப்புறத் தலைமுறை இன்று முதுமையில் இருக்கிறது. ஆண்டுக்கணக்கில் குந்துவதும் மண்டியிடுவதும் பாரம் சுமப்பதும் முழங்கால் தேய்மானத்தைக் கூட்டுகின்றன என்பது பல நாட்டு ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரியவந்த செய்தி. இங்கே 1930இல் திறக்கப்பட்ட தொழுநோய்க் குடியிருப்பில் வாழ்ந்தவர்கள் பிழைப்புக்காக வளர்த்தெடுத்த பூச்செடிப் பண்ணைகள் இன்றும் சாலையோரம் வரிசையாக நிற்கின்றன. தொட்டிக்கு மண் போடுவதும் நாற்றைப் பிரிப்பதும் தரையோடு தரையாகச் செய்யும் வேலைகள். 2007இல் வெளியான மலேசிய ஆய்வொன்று, பெரியவர்களில் 9.3 விழுக்காட்டினர் முழங்கால் வலியைச் சொன்னதாகவும், 65 வயதுக்கு மேற்பட்டோரில் அது ஏறத்தாழ 39 விழுக்காடு என்றும் பதிவு செய்தது. 2006இல் செயல்படத் தொடங்கிய சுங்கை பூலோ மருத்துவமனை 2020இல் கொவிட் நோயாளிகளுக்கென ஒதுக்கப்பட்டது. அவசரமற்ற அறுவைகள் நாடெங்கும் தள்ளிப்போயின. முழங்கால் அறுவை எப்போதும் அந்தப் பட்டியலில் சேர்வதுதான். காத்திருக்கும் மாதங்களில் கால் இன்னும் மெலிந்துவிடுகிறது. மெலிந்த காலோடு அறுவை மேசையில் படுப்பவர் மெலிந்த காலோடுதான் எழுகிறார்.

முன்தசைக்கு இவ்வளவு முக்கியத்துவம் தருவதற்குக் காரணம் உண்டு. அறுவை நடந்த முதல் மாதத்தில் அதன் வலிமை முன்பிருந்ததில் ஏறத்தாழ 60 விழுக்காடு குறைந்துவிடுவதாக அமெரிக்க ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். தசை கரைந்துபோவது இதில் சிறு பங்குதான். மூட்டுக்குள் நீர்கோத்து வீங்கியிருக்கும்போது, தசையை இயக்கும் நரம்புச் செய்தியை உடலே அடக்கிவிடுகிறது. ஆகவே ‘காலைத் தூக்குங்கள்’ என்றதும் கால் எழாமல் கிடந்தால் அது மனவுறுதிக் குறைவல்ல. வீக்கத்தைக் குறைப்பதும், நீட்டிய காலின் தசையை இறுக்கி ஐந்து விநாடி பிடித்து விடுவதை நாள் முழுக்கப் பலமுறை செய்வதும் அந்தத் தடையை மெல்ல விலக்குகின்றன. இங்கே வீட்டார் செய்யும் ஒரு காரியத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். வலிக்கிறது என்றதும் முழங்காலுக்கு அடியில் தலையணையைச் செருகுகிறார்கள். அந்த நேரத்துக்கு இதமாக இருக்கும். ஆனால் சில வாரங்கள் அப்படிப் படுத்தால் மூட்டின் பின்புறத் திசுக்கள் சுருங்கி, கால் முழுதாக நீளாமலே போகும். முழுதாக நீளாத கால் ஒவ்வோர் அடியிலும் முன்தசையை வதைக்கும், நோயாளி நொண்டுவார், நொண்டுவதைப் பார்த்து வீட்டார் இன்னும் ஓய்வெடுக்கச் சொல்வார்கள். சுருட்டிய துண்டு இருக்கவேண்டிய இடம் குதிகாலின் அடியில். முழங்கால் அந்தரத்தில் தானாகத் தாழ்ந்து நேராகட்டும் என்பதே இயன்முறை மருத்துவர்கள் சொல்லும் வழி.

சுங்கை பூலோவிலோ கிள்ளானின் உட்புறத்திலோ இருப்பவர் வாரத்துக்கு மூன்று நாள் பிசியோவுக்கு எப்படிப் போவார், அழைத்துப்போகும் மகனுக்கு யார் விடுப்புத் தருவார் என்ற கேள்வி நியாயமானது. இதற்கு ஆறுதலான சான்று உண்டு. 2017இல் வெளியான ஆஸ்திரேலியச் சோதனை ஒன்று, சிக்கலின்றி அறுவை முடிந்த 165 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தது. ஒரு சாராருக்கு மறுவாழ்வு மையத்தில் பத்து நாள் தங்கிப் பயிற்சியும், பிறகு கண்காணிப்புடன் கூடிய வீட்டுப் பயிற்சியும். மறு சாராருக்கு அந்த வீட்டுப் பயிற்சி மட்டும். ஆறு மாதம் கழித்து, ஆறு நிமிடத்தில் நடக்கும் தூரத்தில் இரு சாராருக்கும் வேறுபாடு காணப்படவில்லை. பயிற்சியே வேண்டாம் என்று இதற்குப் பொருள் கொள்வது தவறு. வீட்டுப் பயிற்சியும் தேர்ந்தவர் வகுத்துக் கொடுத்து, இடையிடையே பார்த்துத் திருத்தியதுதான். பக்கவாதம் வந்தவர், தனியே வசிப்பவர், மின்தூக்கியில்லாத அடுக்குமாடியின் மேல்தளத்தில் இருப்பவர் ஆகியோரின் கணக்கு வேறு. மற்றவர்களுக்கு, வீட்டு நாற்காலி ஒன்று பல கருவிகளின் வேலையைச் செய்துவிடும். நாற்காலியிலிருந்து எழும்போது பெரும்பாலோர் தம்மையறியாமல் பாரத்தை நல்ல கால் பக்கம் சாய்த்துவிடுகிறார்கள். எதிரில் நிற்பவர் தோள் எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்த்துச் சொல்ல, இரண்டு பாதத்திலும் சமமாக ஊன்றி எழப் பழகினால், அந்தப் பழக்கம் நடைக்கும் படிக்கட்டுக்கும் தொற்றிக்கொள்ளும். இந்த வேலைக்குப் பேரப்பிள்ளை போதும்.

நன்றாக நடந்தால் மூட்டு சீக்கிரம் தேய்ந்துவிடாதா, அளவோடு வைத்துக்கொள்வதுதானே புத்தி என்பது அடிக்கடி வரும் மறுப்பு. 2019இல் ‘லான்செட்’ இதழில் வந்த தொகுப்பாய்வு, முழு முழங்கால் மாற்று மூட்டுகளில் ஏறத்தாழ 82 விழுக்காடு 25 ஆண்டுகள் நிலைப்பதாகக் கணித்தது. எழுபது வயதில் அறுவை செய்துகொள்பவருக்கு அந்த மூட்டு ஆயுளுக்கும் போதும் என்பதே பெரும்பாலும் உண்மை. வயது குறைந்தவர்களுக்கு இந்த மறுப்பில் நியாயம் இருக்கிறது: ஐம்பதுகளின் தொடக்கத்தில் அறுவை செய்துகொண்ட ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் மறு அறுவை தேவைப்படலாம் என்று 2017ஆம் ஆண்டுப் பிரிட்டன் ஆய்வு காட்டியது. அவர்களும் ஓடுவதையும் குதிப்பதையும் பந்தாட்டத்தையும் தவிர்த்தால் போதும். நடையைக் குறைக்க வேண்டியதில்லை. நடை, நீச்சல், சைக்கிள், மென்மையான நடனம் எல்லாம் மருத்துவர்களே பரிந்துரைப்பவை. வெறுமனே உட்கார்ந்து காப்பாற்றும் மூட்டுக்குப் பதிலாக இதயமும் எலும்பும் இரத்தச் சர்க்கரையும் விலை கொடுக்கின்றன.

தமிழ் வாழ்க்கைக்கே உரிய கேள்வி தரையில் உட்காருவது பற்றியது. மேலைநாட்டு வழிகாட்டிகள் பெரும்பாலும் இதைக் கண்டுகொள்வதில்லை. இது பெரிய குறை. சமதளத்தில் நடக்க முழங்கால் ஏறத்தாழ 65 பாகை மடங்கினால் போதும். படியேற 90 பாகையை ஒட்டியும், தாழ்ந்த நாற்காலியிலிருந்து எழ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவும் வேண்டும். சம்மணமிடவும் குந்தவும் 110 முதல் 165 பாகை வரை தேவை. மாற்று மூட்டு பெரும்பாலோருக்கு 110 முதல் 120 பாகை வரைதான் மடங்கும். அதிகம் மடங்கும் என்று சொல்லி விற்கப்பட்ட சிறப்பு மூட்டுகள், சோதனைகளில் வழக்கமான மூட்டுகளைவிட நடைமுறையில் பெரிய பலன் தரவில்லை. அறுவைக்கு முன் எவ்வளவு மடங்கியதோ அதுவே பின்னர் மடங்கப்போவதற்குச் சிறந்த முன்னறிகுறி. ஆகவே பூசையில் நாற்காலியில் உட்காருவதையும், குந்தும் கழிவறையை மாற்றுவதையும், பூச்செடித் தொட்டிகளை இடுப்புயர மேசைக்கு ஏற்றுவதையும் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை. மண்டியிடுவது வேறு சங்கதி. மண்டியிட்டால் மூட்டு உடைந்துவிடும் என்ற பயத்தாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். பகுதி முழங்கால் மாற்று செய்துகொண்டவர்களிடம் 2008இல் நடந்த பிரிட்டன் சோதனையில், மண்டியிடக் கற்றுக்கொடுக்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். தழும்பு ஆறியபின் மெத்தென்ற பாயில், மருத்துவரின் ஒப்புதலோடு பழகலாம். தழும்பின் வெளிப்பக்கத்தில் தோல் மரத்துக் கிடப்பது நரம்புக்கிளை அறுபடுவதால் வருவது, ஆபத்தல்ல.

பத்துமலையின் 272 படிகளைப் பலர் தம் மீட்சியின் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். மடக்கும் பாகையைப் பொறுத்தவரை அவை எட்டாதவையல்ல. தேவைப்படுவது தசையின் வலிமையும் மூச்சும்தான். ஏறுவதைவிட இறங்குவது கடினம், ஏனெனில் ஒவ்வொரு படியிலும் முன்தசை உடல் பாரத்தைத் தாங்கிப்பிடித்துக்கொண்டே நீள வேண்டும். வீட்டுப் படியில் முதலில் கற்றுத்தரப்படும் முறை, ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது அறுவை செய்த கால் முன்னே. சில மாதங்கள் கழித்து, கைப்பிடியைத் தொட்டுக்கொண்டு, கால் மாற்றி மாற்றி இறங்க வருமானால் மலைப்படியை நினைக்கலாம். தைப்பூசக் கூட்டம் அதற்குப் பொருத்தமான முதல் நாள் அல்ல. வேறொரு நாளின் காலை நேரம் நல்லது.

பயிற்சிக்கு இவ்வளவு சக்தி இருந்தால் அறுவையே எதற்கு என்றும் கேட்கலாம். 2015இல் வெளியான டென்மார்க் சோதனை இதற்கு நேரடியாகப் பதில் தேடியது. அறுவையோடு பயிற்சி உள்ளிட்ட சிகிச்சையும் பெற்றவர்கள் ஓராண்டில் அந்தச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிடத் தெளிவாகத் தேறினார்கள். கடுமையான பாதிப்புகளும் அறுவை செய்துகொண்டவர்களிடமே அதிகம். அறுவையின்றிச் சிகிச்சை பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் அந்த ஓராண்டில் அறுவைக்குப் போகவில்லை. ஆகவே பயிற்சியை முதலில் முயல்வதில் இழப்பில்லை: அறுவை தேவைப்படாமலே போகலாம்; தேவைப்பட்டால் வலிமையான காலோடு போகலாம். அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் முழு மனநிறைவு அடைவதில்லை என்பதையும் முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லிவிட வேண்டும். அவர்களுள் ஒழுங்காகப் பயிற்சி செய்தவர்களும் உண்டு, அவர்கள்மேல் பழி போடுவது கொடுமை. 2019ஆம் ஆண்டுத் தேசிய நலவாழ்வு ஆய்வில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் ஏறத்தாழ 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. கட்டுக்கடங்காத சர்க்கரை, பொருத்திய மூட்டில் கிருமித்தொற்றுக்கு வழிவிடுகிறது என்பதால் அறுவை நாளைக் குறிக்குமுன் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். சில மாதங்கள் வரை மூட்டு வெதுவெதுப்பாக இருப்பதும், நடக்கையில் ‘டிக்’ என்று சத்தம் கேட்பதும் வழக்கம். காயத்திலிருந்து நீர் வடிந்தாலோ, காய்ச்சலோடு சிவந்து வலி கூடினாலோ, கெண்டைச்சதை வீங்கி வலித்தாலோ அடுத்த சந்திப்பு நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். திடீரென மூச்சுத் திணறினால் 999ஐ அழைக்க வேண்டும்.