கண்ணாடிப் பாவாடையும் விண்டேஜ் பையும்

போன மாசம் ஆபீஸ் நண்பர்களோட மாமல்லபுரம் போயிருந்தேன். கடற்கரைக் கோயில் பார்த்தாச்சு, மீன் வறுவல் சாப்பிட்டாச்சு, அப்புறம் டூரிஸ்டுகளை நம்பியே நடக்குற ஒரு துணிக்கடைக்குள்ள நுழைஞ்சோம். பழைய பூட்டு, ஓடாத கடிகாரம், சாயம் போன ஜிப்பா எல்லாத்துக்கும் நடுவுல ஒரு தோள்பை. கண்ணாடி வில்லை, சோழி, பழைய காசு எல்லாம் வெச்சுத் தைச்சது. 'விண்டேஜ் பஞ்சாரா'ன்னு சீட்டு, விலை நாலாயிரத்துச் சொச்சம். "ராஜஸ்தான் ஐட்டம்டா"ன்னான் கூட வந்தவன்.

எனக்குச் சொந்த ஊர் பென்னாகரம். இந்த மாதிரி துணி எங்க தருமபுரி மாவட்டத்துலயும் உண்டு. உடுத்தினவங்க லம்பாடிகள். இன்னொரு விஷயம், இப்படி விக்கிற பைகள்ல நிறைய, பையாத் தைச்சதே கிடையாது. யாரோ ஒரு பாட்டியோட பாவாடையை வெட்டி எடுத்தது. அந்தப் பாவாடை கடைக்கு எப்படி வந்துச்சுங்கிறதுதான் இந்தப் பதிவு. கொசுவர்த்தியைக் கொஞ்சம் பெருசாவே சுத்தணும், ஒரு நானூறு வருஷம் பின்னாடி.

லம்பாடி, லம்பாணி, சுகாலி, பஞ்சாரா.. ஊருக்கு ஊர் பேர்தான் வேற. பேசுற மொழி ராஜஸ்தானிக்குச் சொந்தக்காரி, தனி எழுத்து கிடையாது. தொழில், மாட்டு மேல உப்பும் தானியமும் ஏத்தி ஊர் ஊரா கொண்டுபோறது. லவணம்னா உப்பு, அதுல இருந்துதான் லம்பாடிங்கிற பேரே வந்துச்சுன்னு ஒரு கருத்து இருக்கு. 17-ஆம் நூற்றாண்டுல இந்தியாவைச் சுத்திப் பார்த்த பிரெஞ்சு வைர வியாபாரி தவேர்னியே, பத்துப் பன்னிரண்டாயிரம் மாடுகள் ஒரே கூட்டமாப் போனதை எழுதி வெச்சிருக்கார். இன்னைக்குக் கணக்குல அது ஒரு பெரிய லாரி கம்பெனி!

அந்த உடுப்பையும் இந்தப் பின்னணியில பார்க்கணும். பேட்டியாங்கிற பாவாடை, காஞ்சளிங்கிற ரவிக்கை, துக்ரிங்கிற முக்காடு. மூணுலயும் நெருக்கமான தையல், கண்ணாடி, சோழி, காசு. வீடுன்னு ஒண்ணு நிலையா இல்லாதவங்க சொத்தை எங்க வைப்பாங்க? உடம்பு மேலதான். சோழியே ஒரு காலத்துல பணமா செல்லுபடியான சரக்கு.

எங்க ஊர் வரலாற்றுக்கும் இவங்களுக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. 1791 மே மாசம் கார்ன்வாலிஸ் திப்புவோட ஸ்ரீரங்கப்பட்டணம் வரைக்கும் போயிட்டு, வண்டி இழுக்குற மாடெல்லாம் செத்து, தானியமும் தீர்ந்து, பெரிய பீரங்கிகளைத் தானே உடைச்சுப் போட்டுட்டுத் திரும்பினார். அடுத்த தடவை பஞ்சாரா கூட்டங்கள் தானியம் சுமந்து கூட வந்தாங்க. அந்த வருஷமே கர்னல் மேக்ஸ்வெல் பென்னாகரம் கோட்டையைப் பிடிச்சார். 1792 உடன்படிக்கையில பாராமகால், அதாவது இன்னைய தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம், கம்பெனி கைக்குப் போயிடுச்சு. போர்னா நாம படிச்சது ராஜா, தளபதி, பீரங்கி மட்டும்தான். பீரங்கிக்குப் பின்னாடி அரிசி மூட்டையோட வந்தவங்க பாடப்புத்தகத்துல இல்ல.

அப்புறம் ரயில் வந்துச்சு. 1860-களோட தொடக்கத்துலயே சென்னையில இருந்து மொரப்பூர், சேலம் வழியா மேற்குக் கடற்கரை வரைக்கும் தண்டவாளம் போட்டாச்சு. பத்தாயிரம் மாட்டுக்கு வேலை போச்சு. அலைஞ்சு பிழைக்கிறவங்க மேல சர்க்காருக்குச் சந்தேகமும் வந்துச்சு. 1871-ல குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-ல அது சென்னை மாகாணத்துக்கும் வந்துச்சு. லம்பாடிகள்ல சில பிரிவுகளும் அந்தப் பட்டியல்ல மாட்டினாங்க. முன்ன படைக்குச் சோறு போட்ட கூட்டத்துக்கு இப்ப போலீஸ் காவல்! நாடு முழுக்க அந்தச் சட்டம் ஒழிஞ்சது 1952-ல. இன்னைக்கும் இவங்க ஆந்திரா, தெலங்கானாவுல பழங்குடி, கர்நாடகாவுல பட்டியல் சாதி, தமிழ்நாட்டுல பிற்படுத்தப்பட்டோர். ஒரே ஜனம், மூணு கணக்கு.

நிலம் பார்த்து உக்காந்த பிறகு, கூலி வேலைக்கும் சந்தைக்கும் அந்த உடுப்போட போனா தனியாத் தெரியும். பார்க்கிறவன் சிரிப்பான். நம்ம ஊர்ல 'லம்பாடி'ங்கிற வார்த்தையையே திட்டாப் பயன்படுத்துறோமே, அதை விட என்ன சாட்சி வேணும்? புடவைக்கு மாறினாங்க. தையலும் நின்னுச்சு.

வேடிக்கை என்னன்னா, ஏறக்குறைய அதே காலத்துல உலகத்தோட இன்னொரு மூலையில பழந்துணிக்கு மவுசு கூடுது. 1966-ல லண்டன் கிங்ஸ் ரோட்டுல 'கிரானி டேக்ஸ் எ ட்ரிப்'னு ஒரு கடை திறந்தாங்க. பாட்டி காலத்துத் துணியை ராக் பாடகர்களுக்கு வித்த கடை. பழசுன்னா ஏழ்மை இல்ல, ரசனைங்கிற எண்ணத்தைப் பரப்புனதுல இதுக்கெல்லாம் பங்குண்டு. அந்த ரசனையோட ஹிப்பிகள் கோவாவுக்கு வந்து, 1970-கள்ல அஞ்சுனாவுல தங்களோட பழைய சாமானை விக்க ஒரு சந்தையை ஆரம்பிச்சாங்க. கர்நாடகா லம்பாணிப் பெண்கள் தங்க துணியோட அங்க போய்க் கடை போட்டாங்க. வீட்டுல இருந்த பாவாடை பை ஆச்சு, திண்டு உறை ஆச்சு. ஒரு தடவை வெட்டினா திரும்பி வராது. தைக்கத் தெரிஞ்ச கையும் இல்லேன்னா, கதை அவ்வளவுதான்.

அந்தக் கதையைத் திருப்பிப் போட்ட இடம் எங்க மாவட்டத்துலயே இருக்கு. பென்னாகரம் மேற்குக் கோடின்னா சிட்லிங்கி கிழக்குக் கோடி. அரூர் தாண்டி, சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவுல ஒரு பள்ளத்தாக்கு. டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதா ரெஜியும் 1993-ல அங்க பழங்குடி மக்களுக்காக மருத்துவப் பணியை ஆரம்பிச்சாங்க. பக்கத்துத் தாண்டாக்கள்ல (லம்பாடிக் குடியிருப்பைத் தாண்டான்னு சொல்வாங்க) பழைய தையல் தெரிஞ்சவங்க ரெண்டு மூத்த பெண்கள்தான்னு லலிதாவுக்குத் தெரிய வந்துச்சு. அவங்களை வெச்சே இளம்பெண்களுக்குக் கத்துக்கொடுத்து, 2006 வாக்குல 'பொர்கை' தொடங்குச்சு. லம்பாடி மொழியில பொர்கைன்னா பெருமை. பள்ளத்தாக்குலயே விளையுற இயற்கைப் பருத்தி, இயற்கைச் சாயம், அதுமேல பாட்டிமார் தையல். இன்னைக்குப் பல பெண்களுக்கு அது வருமானம். கர்நாடகாவுல சண்டூர் லம்பாணித் தையலுக்குப் புவிசார் குறியீடே இருக்கு.

விண்டேஜ் கடைக்குப் போகாதீங்கன்னு சொல்ல வரல. எனக்கும் அந்தக் கடைகள்ல மேய்றது பிடிக்கும். ஆனா கண்ணாடி வெச்ச துணியைக் கையில எடுத்தா ரெண்டு கேள்வி கேளுங்க. இது புதுசாத் தைச்சதா, பழசை வெட்டினதா? தைச்ச கைக்கு என்ன போச்சு? கடைக்காரர் முழிச்சா விஷயம் புரிஞ்சுடும். முக்கியமா, துணியை மட்டும் தோள்ல மாட்டிக்கிட்டு, அதை உடுத்தினவங்க பேரைத் திட்டா வெச்சிருக்கிற பழக்கத்தை நாமளாவது விட்டுடலாம். உங்க ஊர்ப்பக்கம் தாண்டா ஏதாவது இருந்தா, அங்க உள்ள பெரியவங்க சொல்ற கதையைக் கேட்டு எழுதுங்க மக்களே. துணி மாதிரி அதுவும் வெட்டுப்படறதுக்கு முன்னாடி :-)